வெள்ளைப் பலகையிலிருந்து மஞ்சள் பலகைக்கு: தமிழகத்தில் சொந்த வண்டி வாடகை வண்டியான வரலாறு

சொந்தப் பயன்பாட்டுக்கு என்று பதிவு செய்த காரையோ எஸ்.யூ.வி. எனப்படும் பெரிய பயணியர் வண்டியையோ வாடகை வண்டியாகப் பதிவு மாற்றிக்கொள்வதைத் தமிழகத்தில் ‘போர்டு மாற்றுவது’ என்பர். வெள்ளை எண்பலகையில் கறுப்பு எழுத்துக் கொண்டது ‘ஓன் போர்டு’ வண்டி; மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துக் கொண்டது ‘டி போர்டு’ வண்டி. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் உருவான இரண்டு வண்டிகள் இந்தப் பலகையின் நிறத்தால் வேறு வேறு வரிக்கும், வேறு வேறு காப்பீட்டுக்கும், வேறு வேறு சோதனைக்கும் உட்படுகின்றன. இந்த வேறுபாடு எப்படித் தோன்றியது, எந்தக் காரணங்களால் மக்கள் ஒரு பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறினர், மாறாமல் வாடகைக்கு ஓட்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மணமேல்குடியின் இருப்பிடம்

மணமேல்குடி புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர்; அதே பெயருள்ள வட்டத்தின் தலைமையிடம். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரும் பாண்டிய மன்னனின் அமைச்சருமான குலச்சிறையார் பிறந்த ஊர் இது. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் ஆகிய மீன்பிடி ஊர்கள் அருகில் உள்ளன. இக்கடற்கரை ஊர்களுக்கு இரயில் பாதை இல்லை. காரைக்குடி – திருவாரூர் பாதையில் உள்ள அறந்தாங்கிக்குச் சென்றே இரயில் ஏற வேண்டும். புதுக்கோட்டை மருத்துவமனைக்கும், திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும், நாகூர், வேளாங்கண்ணி, இராமேசுவரம் ஆகிய தலங்களுக்கும் குடும்பத்தோடு செல்வோர் பேருந்தையோ வாடகை வண்டியையோ நம்பியே இருக்கின்றனர். ஏழெட்டுப் பேர் அமரக்கூடிய வண்டி இத்தகைய ஊர்களில் வசதிப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. பிழைப்புக்கான கருவியாகவும் இருக்கிறது. ஆகவே அதன்மீது விழும் வரி எந்தக் கணக்கில் விழுகிறது என்பது குடும்ப வரவு செலவைத் தொடும் செய்தியாகும்.

சாவடியிலிருந்து வரிக்கு

மோட்டார் வண்டிகள் பெருகுவதற்கு முன் சாலையைப் பயன்படுத்துவோரிடம் உள்ளாட்சி அமைப்புகள் சாவடிகளில் கட்டணம் வசூலித்தன. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் சாவடியில் நின்று பணம் கட்டிச் சென்றன. மோட்டார் வண்டி ஒரே நாளில் பல சாவடிகளைக் கடந்ததால் இந்த முறை இடையூறானது. சென்னை மாகாணத்தில் 1931-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் சாவடிக் கட்டணத்தை நீக்கி, அதற்கு ஈடாக வண்டிக்கு நேரடி வரியை ஏற்படுத்தியது. வசூலான தொகையிலிருந்து உள்ளாட்சி அமைப்புகளுக்கு இழப்பீடு தரப்பட்டது. சாலை தேய்வதற்குத் தருகின்ற விலையே வாகன வரி என்ற எண்ணம் இந்தச் சட்டத்தோடு வேரூன்றியது. அதிகம் ஓடும் வண்டி அதிகம் தர வேண்டும் என்பதும், வாடகைக்கு ஓடும் வண்டி சொந்த வண்டியைவிட அதிகம் ஓடும் என்பதும் அதன் தொடர்ச்சி.

அக்காலத்தில் இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் ஒரே ஆட்சியின் கீழ் இல்லை. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தது. அறந்தாங்கி, மணமேல்குடிப் பகுதிகள் சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. 1974 சனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது மணமேல்குடிப் பகுதி அதில் சேர்ந்தது. இன்று இம்மாவட்ட வண்டிகள் தாங்கும் பதிவுக் குறியீடு ‘டி.என். 55’.

அனுமதிச் சீட்டின் வருகை

1914-இல் வந்த இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் மட்டுமே பெரிதும் கவனித்தது. 1930-களில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் இரயிலுக்குப் போட்டியாக வளர்ந்தன. இதை ஆராய்ந்த மிட்செல், கிர்க்னெஸ் ஆகிய அலுவலர்களின் அறிக்கை 1933-இல் வெளிவந்தது. அதன் பின்னணியில் உருவான 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகைக்கு ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் ‘பர்மிட்’ எனப்படும் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேற்படாமல் ஏற்றி வாடகைக்கு ஓடும் வண்டி ‘மோட்டார் கேப்’ எனப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சட்டம் வண்டியின் உருவத்தை மட்டும் பார்க்கவில்லை. அது செய்யும் வேலையையும் பார்த்தது. வாடகைக்காகவோ கைம்மாறுக்காகவோ ஆள் ஏற்றுவதற்குப் ‘பயன்படுத்தப்படும்’ வண்டி பொதுச் சேவை வாகனம் ஆகிறது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1989 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே சொல்லைக் கையாள்கிறது. எனவே வெள்ளைப் பலகை கொண்ட வண்டி பணத்துக்கு ஒரே ஒரு சவாரி போனாலும், அந்த நேரத்தில் அது அனுமதிச் சீட்டு இல்லாத வாடகை வண்டியாகக் கருதப்படலாம்.

வரி விதிக்கும் அதிகாரம்

இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனம், சாலையில் ஓடத்தக்க வண்டிகள்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. பதிவு, உரிமம், அனுமதிச் சீட்டு ஆகியவற்றுக்கான அடிப்படைச் சட்டத்தை மத்திய அரசு இயற்றுகிறது. இதனால் வண்டியின் வகையை வரையறுப்பது ஓர் அரசு, அந்த வகைக்கு வரி விதிப்பது இன்னோர் அரசு என்ற நிலை ஏற்பட்டது.

தமிழகத்தில் இப்போதுள்ள வரிக்கு அடிப்படை 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகனங்கள் வரிவிதிப்புச் சட்டம். வாடகை வண்டிகளுக்கு இருக்கை எண்ணிக்கையையும் காலத்தையும் வைத்து வரி கணக்கிடுவது நெடுங்காலப் பழக்கம். சொந்தக் கார்களுக்குப் பிற்காலத்தில் வாழ்நாள் வரி வந்தது. வண்டி வாங்கும்போதே அதன் விலையில் ஒரு விழுக்காட்டை மொத்தமாகச் செலுத்திவிட வேண்டும்.

வாழ்நாள் வரி, வண்டி ஓடும் தூரத்தைப் பார்ப்பதில்லை, விலையைப் பார்க்கிறது. 2023-க்கு முன் 10 இலட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 10 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 15 விழுக்காடும் இருந்தன. 2023 நவம்பரில் 5 இலட்சம் வரை 12, 5 முதல் 10 இலட்சம் வரை 13, 10 முதல் 20 இலட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு என வரி உயர்ந்தது. 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வண்டிக்கு முன்பு 2,25,000 ரூபாய் வரி. பின்பு 2,70,000 ரூபாய். 25 இலட்சம் மதிப்புள்ள வண்டிக்கு 3,75,000 ரூபாயாக இருந்தது 5,00,000 ரூபாய் ஆயிற்று. விலை உயர்ந்த பெரிய வண்டிகளை வாங்குவோர் ‘டி போர்டு போட்டால் எவ்வளவு குறையும்’ என்று கேட்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஜீப் முதல் இன்னோவா வரை

சிற்றூர்களின் முதல் பெரிய வாடகை வண்டி ஜீப். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் அதைப் பல உருவங்களில் வளர்த்தது. நகரத்து டாக்சி என்றால் நெடுங்காலம் அம்பாசிடர்தான். 1994-இல் டாடா சுமோ வந்தது. 2000-ஆம் ஆண்டில் டொயோட்டா குவாலிஸ், மகிந்திரா பொலேரோ ஆகியவையும், 2005-இல் இன்னோவாவும் வந்தன. குடும்ப வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் இடையே இருந்த தோற்ற வேறுபாடு இவற்றோடு மறைந்தது. திருமண வீட்டு வாசலில் நிற்கும் இன்னோவா மாப்பிள்ளை வீட்டாருடையதா, வாடகைக்கு வந்ததா என்பதைப் பலகையைப் பார்த்தே சொல்ல வேண்டியதாயிற்று.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் ‘மேக்சி கேப்’ என்ற புதிய வகையைச் சேர்த்தது. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேர் வரை ஏற்றுவது மோட்டார் கேப். ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை ஏற்றுவது மேக்சி கேப். ஆகவே ‘6+1’ இருக்கை கொண்ட இன்னோவா மோட்டார் கேப். ‘7+1’ இருக்கை கொண்ட அதே இன்னோவா மேக்சி கேப். ஓர் இருக்கை கூடினால் வண்டியின் வகை மாறும். வகை மாறினால் வரியும் மாறும். அதற்காக இருக்கையைக் கழற்றிவிட்டு வகையை மாற்றிக்கொள்ள முடியாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

எண்பலகையின் நிறமும் ஒரு காலத்தில் வேறாக இருந்தது. சொந்த வண்டிகள் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தைத் தாங்கின. 2000-களின் தொடக்கத்தில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டுச் சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையும், வாடகை மற்றும் சரக்கு வண்டிகளுக்கு மஞ்சள் பலகையும் வந்தன. தொலைவிலிருந்தே வகையைக் காட்டிக்கொடுக்கும் இந்த நிறமே பின்னர் வண்டியின் பெயராகவும் ஆகிவிட்டது.

2013: எஸ்.யூ.வி.க்குத் தனி வரி

பெரிய பயணியர் வண்டிக்கும் டாக்சிக்கும் இடையே மத்திய அரசு வெளிப்படையாகக் கோடு கிழித்த நாள் 2013 பிப்ரவரி 28. அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் நிதிநிலை அறிக்கையில் எஸ்.யூ.வி. வண்டிகளின் உற்பத்தி வரியை 27 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்த்தினார். இவ்வண்டிகள் சாலையிலும் நிறுத்துமிடத்திலும் கூடுதல் இடம் பிடிக்கின்றன என்பது கூறப்பட்ட காரணம். டாக்சியாகப் பதிவாகும் எஸ்.யூ.வி.க்கு இந்த உயர்வு இல்லை என்றும் அறிவித்தார். அப்போது அவர் மக்களவை உறுப்பினராக இருந்த சிவகங்கைத் தொகுதியில் புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம், ஆலங்குடிச் சட்டமன்றத் தொகுதிகளும் அடங்கும்.

தொழிற்சாலை விலை 8 இலட்சம் ரூபாய் என்று கொண்டால் மூன்று விழுக்காட்டு உயர்வு 24,000 ரூபாய். சொந்த வண்டி வாங்குவோர் இதைத் தர வேண்டும். டாக்சி வாங்குவோர் தர வேண்டியதில்லை. டாக்சியாக மட்டும் பதிவாகும் கார்களுக்கு உற்பத்தி வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சலுகை இதற்கு முன்பே இருந்தது. பயன்பாட்டைப் பார்த்து வரியைக் குறைக்கும் வழக்கம் இவ்வாறு மாநில வரியிலிருந்து மத்திய வரிக்கும் பரவியது.

எஸ்.யூ.வி. எது என்பதற்கு அளவுகள் தேவைப்பட்டன. 4,000 மி.மீ.க்கு மேற்பட்ட நீளம், 1,500 கன செ.மீ.க்கு மேற்பட்ட எஞ்சின், 170 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தரை இடைவெளி ஆகியவை அளவுகோல்கள் ஆயின. விளைவு உடனே தெரிந்தது. மகிந்திரா நிறுவனம் தன் எக்ஸ்.யூ.வி. 500 வண்டியின் தரை இடைவெளியை 160 மி.மீ.க்குக் குறைத்து, எஸ்.யூ.வி. என்ற வரையறையிலிருந்து வெளியேறி, விலையையும் குறைத்தது. 2014 பிப்ரவரியில் வந்த இடைக்கால நிதிநிலை அறிக்கை எஸ்.யூ.வி. வரியை 24 விழுக்காடாகக் குறைத்தது. நான்கு மீட்டர் என்ற எல்லை மட்டும் தொடர்ந்து வேலை செய்தது. ஊரகச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் பொலேரோவும் 2016-இல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் வடிவத்தில் வெளிவந்தது. சட்டம் உருவத்தை அளந்தபோது தயாரிப்பாளர்கள் உருவத்தை மாற்றினர். சட்டம் பயன்பாட்டைப் பார்த்தபோது வாங்குவோர் பலகையை மாற்றினர்.

2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பெரிய பயணியர் வண்டிகளுக்கு 28 விழுக்காட்டு வரியோடு இழப்பீட்டு மேல்வரியும் சேர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் மொத்தம் 50 விழுக்காடு ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி நீங்கி, பெரிய வண்டிகளுக்கு 40 விழுக்காடும் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும் என்று ஆயிற்று.

வணிக வண்டியால் யாருக்கு எவ்வளவு ஆதாயம்?

வரிச் சேமிப்புக்காகப் பலகை மாற்றலாம் என்ற எண்ணத்துக்கு மூன்று அடிப்படைகள் உண்டு. முதலாவது, மேலே சொன்ன வாழ்நாள் வரி. வாடகை வண்டியாகப் பதிவு செய்தால் தொடக்கத்தில் பெருந்தொகை கட்டுவதைத் தவிர்க்கலாம் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் புதிதாக வாங்கும்போது மட்டுமே இது பொருந்தும். வாழ்நாள் வரியைக் கட்டி, சில ஆண்டுகள் ஓட்டிய பின் பலகை மாற்றுபவர் முதல் வரியையும் கட்டியிருப்பார். வாடகை வண்டிக்கு உரிய வரியையும் கட்டத் தொடங்குவார்.

இரண்டாவது, சரக்கு மற்றும் சேவை வரியின் உள்ளீட்டு வரவு. ஓட்டுநர் உட்பட 13 பேருக்கு மேற்படாத பயணியர் வண்டிகளுக்குக் கட்டிய வரியைப் பொதுவாகத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. பயணியரை ஏற்றிச் செல்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு விலக்கு உண்டு. ஆயினும் அவர் வரிப் பதிவு பெற்றவராகவும், உள்ளீட்டு வரவு அனுமதிக்கும் முறையைத் தேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். ஆண்டு வரவு 20 இலட்சத்துக்குள் உள்ளதால் பதிவே பெறாத, ஒற்றை வண்டி வைத்திருக்கும் சிற்றூர் உரிமையாளருக்கு இதனால் பயனில்லை.

மூன்றாவது, வருமான வரியில் தேய்மானம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் தொழிலில் பயன்படும் சாதாரணக் காருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடும், வாடகைக்கு விடும் தொழிலில் ஓடும் டாக்சி, பேருந்து, லாரி ஆகியவற்றுக்கு 30 விழுக்காடும் தேய்மானம் அனுமதித்தன. 10 இலட்சம் ரூபாய் வண்டிக்கு முதல் மூன்று ஆண்டுகளில் 15 விழுக்காட்டின்படி கழியும் தொகை 3,85,875 ரூபாய். 30 விழுக்காட்டின்படி 6,57,000 ரூபாய். இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றினாலும் இது வருமானத்திலிருந்து கழியும் தொகையே. மிச்சமாகும் வரி அன்று. வருமான வரி கட்டும் அளவுக்கு இலாபம் ஈட்டி, முறையாகக் கணக்கு எழுதுவோருக்கே பயன் கிட்டும். பலகை மட்டும் மஞ்சளாக இருந்தால் போதாது. வண்டி உண்மையில் வாடகைத் தொழிலில் ஓடியிருக்க வேண்டும்.

மொத்தத்தில் இச்சலுகைகளின் முழுப் பயனையும் பெறுவோர் பல வண்டிகளை வைத்து நடத்தும் நிறுவனங்களே. ஒரு வண்டிக்காரருக்குக் கிடைப்பது வாடகைக்கு ஓட்டும் உரிமை. அவர் பலகை மாற்றுவதன் உண்மையான மதிப்பும் அதுதான்.

மாற்றும் முறையும் அதன் விலையும்

பலகை மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடன் நிலுவை இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தேவை. தனியார் கார் காப்பீட்டை வாடகை வண்டிக் காப்பீடாக மாற்ற வேண்டும். அதன் கட்டணம் கூடுதல். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, ‘எஃப்.சி.’ எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். இந்த ஆய்வாளரையே மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கின்றனர். 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி, ஆபத்து நேரப் பொத்தான் ஆகியவை வாடகை வண்டிகளுக்கு உரிய தேவைகள். வரி கட்டி, அனுமதிச் சீட்டுப் பெற்ற பிறகே சவாரி ஏற்றலாம்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். இடையில் தகுதிச் சோதனை இல்லை. வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியைச் செப்பனிட்டு, வண்ணம் பூசிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அன்றைய சவாரியும் போகும்.

ஓட்டுநர் உரிமத்திலும் நெடுங்காலம் வேறுபாடு இருந்தது. வாடகை வண்டி ஓட்ட ‘பேட்ஜ்’ தேவை என்று இருந்தது. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2024 நவம்பர் 6 அன்று அதை உறுதிப்படுத்தியது. இதனால் சிற்றூர் ஓட்டுநர்களுக்கு ஒரு தடை நீங்கியது.

எதிர்த்திசையிலும் மாற்றம் நடக்கிறது. சில ஆண்டுகள் டாக்சியாக ஓடிய இன்னோவாவையோ டவேராவையோ குறைந்த விலைக்கு வாங்கி, அனுமதிச் சீட்டை ஒப்படைத்து, வண்டியின் வயதுக்கு ஏற்ற வாழ்நாள் வரியைக் கட்டி ‘ஓன் போர்டு’ ஆக்குவோர் உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் சுற்றுலா அனுமதி மோட்டார் கேப்புக்கு ஒன்பது ஆண்டுகள் என்று வரம்பிடப்பட்டிருந்தது. வயதான டாக்சிகள் குடும்ப வண்டிகளாக மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பலகை மாறாத வாடகை

இத்தனை செலவையும் பார்த்துப் பலர் பலகையை மாற்றாமலே வாடகைக்கு விடுகின்றனர். பக்கத்து வீட்டுக்காரரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ‘டீசல் காசு’ வாங்குவதில் தொடங்கி, முழுநேர வாடகை வரை இது பல நிலைகளில் நடக்கிறது. முறையாக வரி கட்டி எஃப்.சி. எடுத்த டி போர்டு வண்டிக்காரர்கள் தங்கள் சவாரி போவதாக முறையிடுவது தமிழகம் முழுவதும் உள்ள குறை.

அனுமதிச் சீட்டு இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவதற்கான தண்டனை, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192ஏ பிரிவில் உள்ளது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். ஆனால் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு விபத்தில்தான் வெளிப்படும். தனியார் கார் காப்பீட்டு ஒப்பந்தத்தில் ‘வாடகைக்கோ கைம்மாறுக்கோ பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது. அதை மீறினால் காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பை மறுக்கச் சட்டமே இடம் தருகிறது.

அனுமதிச் சீட்டே இல்லாமல் ஓடுவது அடிப்படை மீறல் என்று 2018 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் கையாளும் வழி ‘கொடுத்துவிட்டு வசூலித்தல்’ என்பது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீடு தரும். பின்பு அதே தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும். உயிரிழப்பு வழக்குகளில் இந்தத் தொகை பல இலட்சங்களைத் தொடும். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்திய உரிமையாளரின் வீடும் நிலமும் அதற்குப் பொறுப்பாகலாம்.

திருட்டில் சட்டம் சற்று இரக்கம் காட்டியது. தனியார் காப்பீடு கொண்ட வண்டி வாடகைக்குச் சென்றபோது பறிபோன வழக்கில், திருட்டுக்கும் பயன்பாட்டு மீறலுக்கும் தொடர்பில்லை என்று கருதி, காப்பீட்டுத் தொகையில் 75 விழுக்காடு தருமாறு வந்த ஆணையை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விபத்தில் உயிர் போகும்போது இதே சலுகையை எதிர்பார்க்க முடியாது.

பிற நாடுகளில்

பயணியர் வண்டியை வணிக வண்டியாக்கி வரியைக் குறைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் 6,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகள் ஆடம்பரக் கார்களுக்கான தேய்மான வரம்பில் சிக்குவதில்லை. 2003-இல் தொழில் கருவிகளுக்கான உடனடிக் கழிவு 1,00,000 டாலராக உயர்ந்ததும், தொழில் செய்வோர் ஹம்மர் போன்ற பெரிய வண்டிகளை வாங்கினர். 2004-இல் இவ்வண்டிகளுக்கு மட்டும் வரம்பு 25,000 டாலராகக் குறைக்கப்பட்டது.

ஃபோர்டு நிறுவனம் எதிர்வழியில் சென்றது. அப்போது அமெரிக்காவில் இறக்குமதிச் சரக்கு வண்டிக்கு 25 விழுக்காடும் பயணியர் வண்டிக்கு 2.5 விழுக்காடும் சுங்க வரி இருந்தது. துருக்கியில் தயாரான ‘டிரான்சிட் கனெக்ட்’ வண்டியைப் பின்னிருக்கைகளோடு பயணியர் வண்டியாக இறக்குமதி செய்து, துறைமுகத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வண்டியாக்கியது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2024-இல் 36.5 கோடி டாலர் தர ஃபோர்டு ஒப்புக்கொண்டதில் முடிந்தது.

டென்மார்க்கில் தொழில் வேன்களுக்கு மஞ்சள் பலகை உண்டு. தொழிலுக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பயன்படும் வேனுக்கு மஞ்சளும் வெள்ளையும் கலந்த பலகை உண்டு. அதை அந்நாட்டார் ‘கிளிப் பலகை’ என்கின்றனர். இலங்கையின் வாகனப் பதிவிலும் இரட்டைப் பயன்பாட்டு வாகனம் என்ற தனி வகை உள்ளது. இந்தியச் சட்டத்தில் பயணியர் காருக்கு இத்தகைய இடைநிலை கிடையாது. வாரம் ஆறு நாள் வீட்டுக்கும் ஒரு நாள் வாடகைக்கும் ஓடும் வண்டியும் முழு வாடகை வண்டியின் கடமைகளை ஏற்க வேண்டும். அல்லது வாடகையை விட வேண்டும்.

இன்றைய நிலை

1931-இல் சாவடியை நீக்கி வந்த வரி, சாலையைத் தேய்ப்பவர் சாலைக்குத் தர வேண்டும் என்ற எளிய கணக்கில் தொடங்கியது. விலை, நீளம், எஞ்சின், தரை இடைவெளி, இருக்கை, பயன்பாடு என்று அளவுகோல்கள் பெருகியதும் அந்தக் கணக்கு சிக்கலானது. இவற்றுள் உருவம் சார்ந்தவற்றைத் தொழிற்சாலைகள் மாற்றிக்கொண்டன. பயன்பாடு சார்ந்ததை மாற்றிக்கொள்ளும் பொறுப்பு வண்டி உரிமையாளரிடம் இருக்கிறது.

மணமேல்குடி போன்ற ஊரில் ஒரு குடும்பம் எஸ்.யூ.வி. வாங்கும்போது பார்க்க வேண்டியது வரி விழுக்காட்டை மட்டும் அன்று. அந்த வண்டி பணத்துக்கு ஆள் ஏற்றப்போகிறதா என்பதே முதற்கேள்வி. ஏற்றுவதாக இருந்தால் மஞ்சள் பலகைக்கு ஆகும் செலவு, அதில் ஏறும் பயணிக்கும் ஓட்டுபவருக்கும் உரிமையாளரின் வீட்டுக்கும் சேர்த்துக் கட்டும் பாதுகாப்புத் தொகையாகும்.